மேட்டூரிலிருந்து போட்ட மோட்டார்

கரண்டை வீணாக்காமல் இருப்பது எப்படி என்று ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மாணவிக்கு விளக்கப் போய், என் வெங்காயத்தை நானே குளிப்பாட்டியிருக்கிறேன். மேட்டூரின் அழகை மட்டும் எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

லேனா எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தாள். சேலத்தில் ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப். விவசாயத்துக்கு இலவச மின்சாரம் கொடுத்தால் பருவநிலைக்கு என்ன ஆகும் என்று அறிக்கை எழுத வேண்டும்.

"பில்லே வராட்டியும் பொறுப்பா இருக்கற விவசாயி ஒருத்தர் முதல் பக்கத்துக்கு வேணுங்க அண்ணா" என்றாள். எங்கள் வீட்டுத் தமிழ் அவளுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எதிர்லயே உக்கோந்திருக்கறனே கண்ணு!"

கரண்டு பிறக்கும் இடத்தையே காட்டுகிறேன் என்று அவளை மேட்டூருக்குக் கூட்டிப் போனேன். ராசிபுரத்தில் காலை ஏழரைக்குப் பஸ். கிளம்பும்போது என் மனைவி சாந்தி சொன்னாள்: "வெங்காயம் புடுங்கிக் காட்டுலயே காயுதுங்க. மோட்டாரத் தொட்டறாதீங்க. நான் அம்மா ஊட்டுக்குப் போயிட்டு சாயங்காலமா வாரேன்."

சேலத்தில் மேட்டூர் பஸ் மாறினோம். ஓமலூர், மேச்சேரி வழியாக ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். மேச்சேரியில் ஏறிய பெரியவர் லேனாவைப் பார்த்து, "எந்த ஊரு சாமி?" என்றார்.

"ஜெர்மனிங்க. கரண்டைப் பத்திப் படிக்க வந்திருக்கேன்."

"அது எப்ப வரும்னு தெரிஞ்சா எங்களுக்கும் சொல்லு சாமி."

மேட்டூரில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும்படி ஒரு மீன்கடையில் உட்கார்ந்தோம். "இங்க எரியற நிலக்கரியிலதான் உங்க மோட்டார் ஓடுதா?" என்றாள்.

"காட்டறன் பாரு" என்று போனை எடுத்தேன். எங்கள் பக்கம் மோட்டார் போடக் காட்டுக்குப் போவதில்லை. ஸ்டார்ட்டரில் சிம் போட்ட பெட்டி இருக்கும். அந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டால் மோட்டார் ஓடும், இன்னொரு போனில் நிற்கும். ஒரு நிமிடத் தண்ணீர் குழாயைத்தான் நனைக்கும், வெங்காயம் வரை போகாது என்பது என் கணக்கு.

'மோட்டார் ஓடுகிறது' என்றது போன். லேனா கைதட்டினாள்.

"உடனே நிறுத்திருவீங்களா?"

"பின்ன? ஒரு சொட்டு வீணாக்க மாட்டோம்" என்றேன். அப்போது வறுத்த மீன் வந்தது. தட்டு நூறு ரூபாய். மீனுக்கு முன்னால் என் மூளை வேறு வேலை பார்ப்பதில்லை.

பிறகு அணை, பூங்கா, பதினைந்து ரூபாய் டீ. திரும்பும் பஸ்ஸில் லேனா லேப்டாப்பை மூடிவிட்டு, "முதல் பக்கம் முடிஞ்சுதுங்க அண்ணா" என்றாள். ஜன்னல் சீட்டில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஊரில் இறங்கியபோது எங்கள் காட்டுத் தண்ணீர் தார்ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. சாந்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நின்றாள்.

"வாங்க. நீங்க மட்டும் ஊர் பாத்தாப் போதுமான்னு வெங்காயமும் கெளம்பிருச்சு. பாதி ரோட்டுல நிக்குது, கூட்டிட்டு வாங்க."

"மோட்டார்…" என்று இழுத்தேன்.

"கரண்டு போய்த்தான் நின்னுச்சு."

லேனா ஷூவைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். மூன்று பேரும் இருட்டும்வரை பொறுக்கினோம். பாதி தேறியது.

அவள் ஊருக்குப் போன பிறகு ஒருநாள் போனில் பேசினாள். அறிக்கையில் நான் இருக்கிறேனா என்று மெல்லக் கேட்டேன்.

"முதல் பக்கத்துல இருந்து எடுத்துட்டேங்க அண்ணா. கடைசிப் பக்கத்துல இருக்கீங்க. ஆளை நம்பக் கூடாது, தானா நிக்கற டைமரைக் கட்டாயமாக்கணும்னு எழுதியிருக்கேன். அந்த ஆள் நீங்கதான்."