தாலுகா ஆபீஸில் ஒரு போர்க்கப்பல்

போன புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்கு என் போர்க்கப்பல் தாலுகா ஆபீஸ் படியேறியது.

நிஜக் கப்பல் இல்லை. அதன் வரலாறு. நான்கு நோட்டுகள், ஒரு ரெக்ஸின் பையில்.

கடற்படையில் இருந்தபோது, ஏவுகணை தாங்கிய நாசகாரிக் கப்பல் ஒன்றில் ஏழு வருடம், நான்கு மாதம், பன்னிரண்டு நாள் வேலை பார்த்தேன். தினமும் எழுதினேன். ரகசியம் எதுவும் இல்லை — எந்தத் துறைமுகம், என்ன காற்று, என்ன சாப்பாடு, யாரிடமிருந்து தபால். அவ்வளவுதான். இதை எதற்குத் தாலுகா ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்?

நிலம்... வேறென்ன?

குத்தாலம் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. அப்பா காலத்திலிருந்து கலியபெருமாள் என்பவர் குத்தகைக்குப் பயிர் செய்கிறார். எல்லாம் வாய்ப்பேச்சு, துண்டுக் காகிதம் கிடையாது. அப்பா இறந்த பிறகு கலியபெருமாளே வயல் நிலவரத்தை எனக்கு இன்லண்ட் லெட்டரில் எழுதுவார். கப்பல் கரை தொட்டதும் தபால் மூட்டையில் அது வந்து கிடக்கும்.

நான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் என் மனைவியின் தம்பி துரைராஜ் ஆரம்பித்தான்.

“அத்தான், மிலிட்டரியில இருந்தவங்க நிலத்தைத் திருப்பிக் கேக்க சட்டத்துல தனி வழி இருக்கு. கப்பல்ல இருந்தேன், அதனாலதான் குத்தகையில விட்டுவச்சேன்னு காட்டுங்க. போதும்.”

எனக்கும் ஆசைதான். வரப்பில் குடை பிடித்து நிற்கிற சுகம் யாரை விட்டது? மனு போட்டேன். கலியபெருமாளும் சும்மா இருக்கவில்லை. விவசாயச் சங்கத்தார் சொல்லி, குத்தகைதாரர் என்று தன் பெயரைப் பதியக் கேட்டு அவரும் ஒரு மனு போட்டார். பதிந்தால் வயல் அவரிடம் நிற்கும். இல்லாவிட்டால் அறுபது வயதில் அவருக்குக் கால் வைக்க வேறு வயல் இல்லை.

ஆபீஸ் சுவரில் ‘உழுபவனுக்கே நிலம்’ என்று ஒரு கட்சி எழுதியிருந்தது. அதன் மேலேயே இன்னொரு கட்சி தன் சின்னத்தை வரைந்திருந்தது. இரண்டு மனுவுக்கும் அன்றுதான் விசாரணை. உள்ளே அதிகாரி ஓர் அம்மாள்.

“உங்ககிட்ட என்ன ஆதாரம் இருக்கு, பெரியவரே?”

“வயலுதாங்க இருக்கு” என்றார் கலியபெருமாள். “வேணும்னா தூக்கிட்டு வரட்டுங்களா?”

கடைசி மேஜை கிளார்க்கூடச் சிரித்துவிட்டார்.

நான் பையைத் திறந்தேன். அதிகாரிக்குக் கப்பல் பிடித்துப்போய்விட்டது.

“எத்தனை சண்டை போட்டீங்க சார்?”

“ஒண்ணும் இல்ல மேடம்.”

“நாசகாரின்னு பேரு... என்னத்தைத்தான் நாசம் பண்ணுச்சு?”

“ஒரு ஓட்டைப் படகு. சோதனைக்கு. அதுவும் ஆளில்லாத படகு மேடம்.”

உண்மை அதுதான். எங்கள் கப்பல் புயல் அடித்த ஊருக்கு அரிசி மூட்டையும் போர்வையும் இறக்கியது. எஞ்சின் நின்று மிதந்த மீன்பிடிப் படகைக் கட்டி இழுத்து வந்தது. வெளிநாட்டுத் துறைமுகங்களில் வெள்ளைச் சீருடையில் எங்களை வரிசையாக நிற்க வைத்தது. பழுது பார்க்கப் பதினான்கு மாதம் உலர்துறையில் கிடந்தது. நாங்கள் துரு சுரண்டினோம். ஏவுகணையை எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும், ஆனால் அதற்கு வேலை வந்துவிடக் கூடாது — இப்படி ஓர் உத்தியோகம் வேறு எங்காவது உண்டா?

அதிகாரி உரக்கப் படித்துக்கொண்டே போனார். பிறகு மெதுவாக.

“‘ஏவுகணைச் சோதனை. இலக்கு தகர்ந்தது. மதியம் உருளைக்கிழங்கு. தபால்: கலியபெருமாள். குறுவை நடவு முடிந்தது.’”

பக்கம் புரட்டினார்.

“‘புயல் நிவாரணம் முடிந்து துறைமுகம். தபால்: கலியபெருமாள். சம்பாவில் புகையான் பூச்சி. மருந்து அடித்தாயிற்று.’ ... ‘உலர்துறை. தபால்: கலியபெருமாள். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது.’”

நிமிர்ந்தார்.

“சார், நீங்க கப்பல்ல இருந்ததுக்கு இது ஆதாரம். அவரு வயல்ல இருந்ததுக்கும் இதுதான் ஆதாரம். ஒரு போகம் விடாம எழுதியிருக்கீங்களே!”

கூட வந்திருந்த துரைராஜ் என் காதில் சீறினான். “காத்து, உருளைக்கிழங்கு... அதோட நிறுத்தியிருக்கக் கூடாதா அத்தான்?”

“தாக்கல் பண்றீங்களா, திருப்பி எடுத்துக்கறீங்களா? உங்க இஷ்டம்” என்றார் அதிகாரி.

எடுத்துக்கொண்டிருக்கலாம். கப்பலில் இருந்ததைக் காட்டப் பணிச் சான்றிதழ் ஒன்றே எனக்குப் போதும். கலியபெருமாள் என்னைப் பார்க்கவில்லை. சுவர்க் காலண்டரில் ஏதோ விசேஷம் தேடுகிறவர் மாதிரி நின்றார்.

எழுதியது என் கை. அதை நானே பைக்குள் ஒளித்துக்கொண்டு போவதா?

நான்கு நோட்டையும் மேஜைமேல் தள்ளினேன். என் மனுவை வாபஸ் வாங்கி இரண்டு வரி எழுதினேன், தேதியும் நேரமும் போட்டு. கலியபெருமாள் பெயரைப் பதிய அதிகாரி அங்கேயே உத்தரவு எழுதினார்.

துரைராஜ் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். கலியபெருமாள் எதிர்க்கடையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பாதி குடித்தவர் கிளாஸை வைத்தார்.

“தம்பி, கோச்சுக்கக் கூடாது. அந்த நோட்டுல ஒண்ணு தப்புங்க.”

“எது?”

“அந்த ஏவுகணை வருஷம்... குறுவையே போடலீங்க. ஆத்துல தண்ணி வரல. சம்பா மட்டுந்தான்.”

“பின்னே, நடவு முடிஞ்சதுன்னு எழுதினீங்களே?”

“அப்பத்தான் உங்க அப்பா தவறியிருந்தாங்க. நடுக்கடல்ல ஒத்தையில கிடக்குற புள்ளைக்கு, வயலும் காஞ்சு கெடக்குன்னு எழுத மனசு வருமா?”

காற்றின் வேகத்தைக்கூட இரண்டு தடவை விசாரித்து எழுதியவன் நான்! அடித்துத் திருத்திவிட வேண்டும் என்று பேனாவை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குள் ஓடினேன்.

அதற்குள் கிளார்க் பக்கத்துக்குப் பக்கம் சர்க்கார் முத்திரை குத்தி முடித்திருந்தார். நன்றாகவே பதிந்திருந்தது... திரும்பி வந்து, ஆறிப்போன டீயைக் குடித்தேன்.