பதினாறு பக்க விளக்கம்

தொண்ணூறுகளில் கோவையில், ஒரு கிறிஸ்தவ எழுத்தாளரின் வாழ்வையும் சிந்தனையையும் ஆராய்வதற்கென்றே ஒரு காலாண்டிதழ் வந்தது. நான்தான் ஆசிரியன். சொந்த ஊர் நாகர்கோவில்.

எழுத்தாளருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து பேச்சு நின்றுவிட்டது. மதுக்கரை வீட்டிலிருந்து அவரை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததே இதழ்க்காரர்கள் நாங்கள்தான். முழங்கால் வலியால் அவர் மனைவி வீட்டிலேயே இருந்தார்.

நான் தினமும் போய்க் கேள்வி கேட்பேன். அவர் சீட்டில் பதில் எழுதுவார். ஒருநாள், "மரணத்துக்கு அப்பால் என்ன?" என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே சொல் எழுதினார்: "ஊடு." மறுநாள் வேறு கேள்வி கேட்டேன். அதற்கும் அதையே எழுதினார்.

எனக்குப் புல்லரித்தது. ஊடு என்றால் உள்ளே, நடுவே. ஆன்மா கடவுளுக்குள் ஊடுருவுவதைச் சொல்கிறார் என்று பதினாறு பக்கக் கட்டுரை எழுதினேன். அது அச்சாவதற்குள் அவர் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார்.

இதழை அவர் மனைவியிடம் கொடுக்க மதுக்கரை போனேன். அதில் அச்சிட்டிருந்த சீட்டை மட்டும் அந்தம்மா பார்த்தார்.

"ஏனுங்க, ஊட்டுக்குப் போகோணும்னு கேட்டிருக்காருங்க. கூட்டிட்டு வராம கட்டுரை எழுதிப்போட்டீங்களே?"

வீட்டை ஊடு என்பது பஸ்ஸிலும் டீக்கடையிலும் தினமும் என் காதில் விழுந்த பேச்சு. எழுத்தாளர் எழுதியதால் தத்துவம் தேடியிருக்கிறேன்.

அடுத்த இதழில் பிழைதிருத்தம் போட்டேன். அந்தக் கட்டுரையின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு 'ப்' விடுபட்டிருந்தது. அதை மட்டும்தான் திருத்தினேன்.