சுழல்பெட்டியில் வந்த சப்பாத்து

மகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரத்தான் ஸ்பெயினுக்குப் போனேன். ஆக்லாந்தில், நாங்கள் இருக்கிற பிளாக்ஹவுஸ் பேயில் யார் கேட்டாலும் "சும்மா ஊர் சுத்திப் பாக்கப் போறன்" என்று சொல்லி வைத்தேன். பச்சைப் பொய்.

பழைய சுவரோவியங்களைத் திருத்துவது அவள் தொழில். ஒரு வருடம் என்று சொல்லித் தெற்கு ஸ்பெயினில் ஒரு சின்னப் பட்டினத்துக்குப் போனவள், நாலாம் வருடமும் திரும்பவில்லை. ஆக்லாந்தில் திருத்துவதற்கு நானூறு வருடத்துச் சுவர் எங்கே இருக்கிறது என்று கேட்பாள். பெற்ற தாய் இருக்கிறேனே, நானும் பழசுதானே என்பேன். "ஓ, மம்" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்துவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பட்டினத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு தேவாலயம். அவள் வேலை செய்தது ஒரு கன்னியர் மடத்தோடு ஒட்டிய தேவாலயத்தில். அந்த மடத்துக் கன்னியாஸ்திரிகள் வெளியே வருவதில்லை, வெளியாருக்கு முகம் காட்டுவதும் இல்லை. வாசல் சுவரில் ஒரு மரச் சுழல்பெட்டி பதித்திருந்தார்கள். தாங்கள் செய்கிற பாதாம் பலகாரத்தை உள்ளே இருந்து அதில் வைத்துச் சுழற்றினால் அது எங்கள் பக்கம் வரும். குரல் மட்டும் கேட்கும்.

நான் சைவக்காரி. சாமி இருக்கிற இடம் என்றால் கால் தானாகவே சப்பாத்தைக் கழற்றிவிடும். படியோரம் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். கல் தரை சில்லென்று இருந்தது. மகள் கூரையோரம் உயரக் கட்டிய சாரப் பலகையில் மல்லாந்து படுத்தபடி, ஒரு தேவதூதனின் கன்னத்தைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. வீட்டில் ஒரு கோப்பை கழுவச் சொன்னாலே அலுத்துக்கொள்கிறவள், அந்த ஒரு கன்னத்தோடு ஒரு மணி நேரம் இருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இவள் வரமாட்டாள் என்றும் அப்போதே விளங்கிவிட்டது. அழுகை வந்தது, வெளியே வந்துவிட்டேன்.

வந்து பார்த்தால் சப்பாத்தைக் காணோம்! படி கூட்டுகிற பெண், யாரோ ஏழைகளுக்கென்று விட்டுப்போனது என்று நினைத்து மடத்துக்குள் கொடுத்துவிட்டாளாம். அது பிறகுதான் தெரிந்தது. கேட்க வெளியே வேறு ஆளில்லை, இருந்த ஆத்திரத்தில் சுழல்பெட்டியைப் படபடவென்று தட்டினேன்.

"என்ரை சப்பாத்து எங்கை? சப்பாத்து!"

"சப்பாத்தோ!" என்றது உள்ளே ஒரு கிழக்குரல். பெட்டி சுழன்றது. என் சப்பாத்துச் சோடி வந்து நின்றது.

சத்தம் கேட்டு ஓடி வந்த மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, எத்தனையோ நாளைக்குப் பிறகு, தமிழில் கதைத்தாள். "மேசை, பாண், சப்பாத்து... இஞ்சை வந்து எனக்கு முதல் விளங்கினது எல்லாம் உங்கடை சொல்லுகள்தான், அம்மா."

போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தில் போட்டுவிட்டுப் போன சொற்கள். அவர்களுக்குப் பக்கத்து வீடுதானே ஸ்பெயின்; ரொட்டிக்கு இங்கேயும் பாண்தான், சப்பாத்துக்குச் சப்பாத்தோ. அடி பாவி, இவளுக்கு வழி வெட்டிக் கொடுத்ததே நான்தானா!

உள்ளே இருந்த குரல் ஏதோ கேட்டது.

"நீங்கள் என்ரை அம்மாவோ எண்டு கேக்கிறா."

"ஓம் எண்டு சொல்லு. அவவின்ரை அம்மா அவவை எப்பிடி இஞ்சை விட்டவ எண்டும் கேள்."

மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். பெட்டிக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஒரு பதில் வந்தது.

"விடேல்லையாம். கோவத்திலை கடைசி வரைக்கும் இந்த வாசலுக்கு வரவே இல்லையாம்." மகள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்கள் வந்திருக்கிறீங்களாம்."

நான் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினேன். கட்டி முடிய வெகுநேரம் எடுத்தது.

"ஏதோ கதைக்க வேணும் எண்டுதானே வந்தனீங்கள், அம்மா? என்ன?"

விமானத்தில் வரும்போது ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"பசிக்குது. வீட்டை போவம்."

அவள் முகம் சுருங்கிப்போனது. "எந்த வீட்டை?"

"உன்ரை வீட்டைதான்," என்று அதட்டினேன். "வேறை எந்த வீடு?"