செமிசியின் வாய்

செமிசி ராவுலோ எங்கள் சிறைத் தச்சுப் பட்டறையில் பத்தொன்பது வருடம் ஆசிரியராக இருந்தார். மூட்டு மயிரிழை விலகினாலும் பிரித்துத் திரும்பச் செய்யச் சொல்வார். விடுதலையாகிறவர்களுக்கு வெளியே வேலை பிடித்துக் கொடுப்பதும் அவர்தான். கையில் அத்தனை நிதானம். வாயில் கிடையாது.

வீடு புகுந்து திருடியதற்காக உள்ளே வந்த இலியேசா அவருக்குத் தௌவு. அதாவது இருவர் ஊருக்கும் ஒரே மூதாதை. ஃபிஜியில் அப்படிப்பட்டவர்கள் எப்படி வேண்டுமானாலும் ஏசிக்கொள்ளலாம், கோபப்படத்தான் கூடாது.

"டேய் திருட்டுப் பயலே, உளியை எண்ணி வை."

"எண்ணியாச்சு கிழவா. ஒண்ணு குறையுது, உன் தொப்பைக்குள்ள பாரு."

மூன்று வருடம் இப்படித்தான்.

இலியேசாவின் விடுதலைக்கு இரண்டு வாரம் இருக்கையில், நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து வந்து சுவாவில் நாற்காலிப் பட்டறை திறந்திருந்த கிரெய்க் வேலைக்கு ஆள் பார்க்க வந்தார். இலியேசா செய்த நாற்காலியைக் கவிழ்த்து மூட்டுகளைத் தடவினார்.

"அருமையான வேலை. இவரையே எடுத்துக்கறேன்."

செமிசிக்குப் பெருமை தாங்கவில்லை.

"கதவு, ஜன்னலெல்லாம் பூட்டி வைங்க சார்! இவன் வந்தா ஆணிகூட மிஞ்சாது!"

பட்டறையே சிரித்தது. இலியேசாவும் சிரித்தான். கிரெய்க் சிரிக்கவில்லை. நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று போய்விட்டார்.

சாயங்காலம் செமிசி இலியேசாவிடம் போனார். "அந்த ஆளுக்கு நம்ம கேலி புரியாதுன்னு எனக்கு அப்பத் தோணாமப் போச்சுடா."

"பரவாயில்லைங்க சார்."

சார். மூன்று வருடத்தில் அவன் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிரெய்க்கைப் பார்த்தார். "அது கேலி சார். எங்க வழக்கம். தப்பு என் வாய்மேல, அவன்மேல இல்ல."

"நேத்தே வேற ஆளை எடுத்துட்டேன். இப்ப லாரியிலேருந்து மரம் இறக்குற வேலைதான் இருக்கு."

விடுதலை நாளன்று வாசலில் தன் சொந்த உளியை இலியேசாவிடம் கொடுத்தார் செமிசி. "மரம் இறக்கத்தான் போற. என்னாலதான். திட்டுடா."

இலியேசா உளியை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

"ரொம்ப நன்றிங்க சார். உடம்பைப் பார்த்துக்கங்க."

இலியேசா ஏறிய பேருந்து திரும்பி மறைந்தது. காவலர்கள் கதவைச் சாத்தக் காத்திருந்தார்கள். செமிசி நகரவில்லை.

"கிழவான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.