பத்துப் பேரில் எவன் லீவு

சல்லடையின் ஒரு விளிம்பு அம்மா கையில் இருந்தது, மறு விளிம்பு மகன் கையில். நடுவே அவன் வேலை பார்க்கும் ஆலையிலிருந்து வந்த புதுத் தீவனம், கடுகைவிடச் சின்னக் குருணை. இரண்டு பேரும் ஒரே வேகத்தில் ஆட்ட வேண்டும். ஒருவர் பிந்தினால் குருணை ஒரு பக்கமாகக் குவிந்துவிடும். அவன் பிந்தினான்.

"கை எங்கடா இருக்கு? ஆபீஸ்லயா?"

"இங்கதான் இருக்கு. நீ ஆட்டு."

தூசி கீழே விரித்த தாளில் விழுந்தது. மீன் குஞ்சு பொரிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அம்மா தீவனத் தூசியைத் தொட்டிக்குள் விட்டதில்லை. தூசி தண்ணீரைக் கலக்கும், செவுளை அடைக்கும், மீன் வயிற்றுக்கு மட்டும் போகாது. அதனால் அங்கே அவளுக்குச் சல்லடையம்மா என்று பேர். சம்பளப் பட்டியலில் வேறு பேர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

சலித்து முடித்ததும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"ருசி மாறியிருக்கே."

"ருசி உனக்கில்லம்மா, மீனுக்கு."

"மீன் உங்க ஆலைக்கு வந்து புகார் சொல்லாதுடா, நான்தான் சொல்லணும். என்ன பண்ணீங்க இதை?"

"கசாப்புக் கூடத்து ரத்தத் தூளை எடுத்துட்டோம். ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு தரமா வருது, நம்ப முடியல. பதிலா சோயாவும் சோளப் புரதமும் போட்டிருக்கு. குறையறதைத் தனியாக் கலந்திருக்கோம்."

"பத்துப் பேரும் வந்துட்டானா? எவனாவது லீவா?"

"பத்துப் பேரும் ஆஜர்."

அது அவர்களுக்குள் பழைய பேச்சு. கல்லூரி நாட்களில் ஒரு விடுமுறைக்கு வந்தவன், அமினோ அமிலம் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கப் போனான். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. அவற்றில் பத்தை மீன் உடம்பு தானாகச் செய்துகொள்ளாது, தீவனத்தில்தான் வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தால் மற்ற ஒன்பதும் இருந்தும் பயனில்லை. அம்மா முழுக்கக் கேட்டாள்.

"அதாவது, பத்துப் பேர் ஷிப்டுல ஒருத்தன் லீவு போட்டா மத்த ஒம்போது பேரும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். இதைச் சொல்றதுக்கா மூணு வருஷம் படிச்சே?"

புதுத் தீவனத்தைச் சலித்த அன்று, சல்லடையை ஆணியில் மாட்டிவிட்டு மாலையே அவன் பஸ் ஏறினான். அதுதான் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை. அடுத்த நான்கு மாதம் அவன் ஊருக்கு வரவில்லை. காரணம் என்று எதுவும் இல்லை. ஆலையில் வேலை இருந்தது, அவ்வளவுதான்.

அம்மா பொரிப்பகத்துக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. அப்பா வேலை தேடி வெளியூர் போனவர். வேலை கிடைத்தது, கூடவே வேறு குடும்பமும் கிடைத்தது. அதைப் பற்றி அம்மா ஒப்பாரி வைக்கவில்லை. யாராவது கேட்டால், "அந்த ஆளு நிரந்தர லீவு," என்பாள்.

முதலில் தொட்டி கழுவும் வேலை. மூன்று வயதுப் பிள்ளையைத் தீவன மூட்டைகளின் மேல் தூங்க வைத்துவிட்டுக் கழுவுவாள். அவன் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் வார்த்தை 'ஈரப்பதம்'. மூட்டையில் அதுதான் பெரிய எழுத்தில் இருந்தது. பிறகு அம்மாவைக் குஞ்சுத் தொட்டிகளுக்கு மாற்றினார்கள். நன்னீரில் பொரித்து, விரல் நீளம் வந்ததும் கடலோரக் கூண்டுகளுக்குப் போகிற மீன். அந்த விரல் நீளம் வரும்வரை அம்மா பொறுப்பு.

தானாகத் தீவனம் தூவும் இயந்திரம் வந்த பிறகும் இரண்டு தொட்டிகளுக்கு அவள் கையால்தான் போட்டாள். ஒரு சிட்டிகை, இருபது மூச்சு, அடுத்த சிட்டிகை. முன்னால் போட்டதைத் தின்னாமல் அடுத்தது விழாது. அவன் பின்னாளில் ஆய்வகத்தில் அளந்து பார்த்தான். தனியாகக் கலந்த அமினோ அமிலம், குருணை தண்ணீரில் விழுந்த சில நிமிடங்களிலேயே கரைந்து வெளியே போய்விடுகிறது. உற்சாகமாகப் போன் செய்தான்.

"சரி, இப்ப நான் என்ன மாத்தணும்?"

"ஒண்ணும் மாத்த வேண்டாம். நீ போடறதுதான் சரி."

"அது எனக்குத் தெரியுமே. அப்ப எதுக்குடா போன் பண்ணே? சும்மா பண்ணேன்னு சொல்லேன், கேக்க நல்லா இருக்கும்."

அவள் இருந்தது பொரிப்பகத்துக்குப் பின்னால் ஓர் அறை. சுவருக்கு அந்தப் பக்கம் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். பம்பு நின்றால்தான் அவளுக்கு ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருக்குமாம். இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவள், இன்னொன்றில் மடித்த துணி. அவன் வந்தால் துணி கட்டிலுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன். அவன் பத்து ஐந்துக்குக் கூப்பிட்டால், "கடிகாரம் லீவா?" என்பாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுத் தீவனம் ஆரம்பித்து இரண்டரை மாதம் ஆகியிருந்தபோது, அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"சில மீன் கறுத்துப் போயிருக்குடா. கைக்கு வர மாட்டேங்குது. கண்ணு வேற வெளுத்த மாதிரி இருக்கு. இல்ல, எனக்குத்தான் அப்படித் தெரியுதோ என்னமோ."

"உனக்கு மத்ததெல்லாம் எப்படித் தெரியுது?"

"எல்லாமே மாவு பூசின மாதிரிதான். பஸ் நம்பர்கூட."

"அப்ப உன் கண்ணுதாம்மா. புரையா இருக்கும். மீன் எடை எப்படி இருக்கு?"

"எடை பிரமாதம். மேனேஜர் எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சுக்கறார்."

"அப்புறம் என்ன? நீ மொதல்ல போய்க் கண்ணைக் காட்டு."

"காட்டறேன். நீ மேனேஜர்கிட்ட மூச்சு விட்டுடாதே. கண்ணு தெரியலைன்னா கொண்டுபோய்க் கேட்டுல காவலுக்கு உக்கார வெச்சிடுவார்."

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அன்று அரை நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தாள். இருபத்தொன்பது வருடத்தில் அவள் லீவு கேட்டது ஒரு கை விரலுக்குள் அடங்கும். எங்கே கிளம்பினாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

எல்லாம் முடிந்து நான்காம் நாள், அறையைக் காலி செய்ய அவன் வந்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த அவளுடைய கைப்பை தோளில் தொங்கியது. அதை இன்னும் திறக்கவில்லை. மேனேஜர் அவனைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர். தோளைத் தொட்டார், பிறகு தொட்டிகளைக் காட்டினார்.

"வெள்ளிக்கிழமை லோடு ஏத்தறோம் தம்பி, கடல் கூண்டுக்கு. உன் தீவனத்துல என்ன எடை பாரு. அம்மா கையில வளர்ந்ததுக."

தொட்டிகளுக்குப் பின்னால், சுவரோரம் ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. அதில் நாற்பது மீன் இருக்கும். கரித்துண்டு மாதிரி கறுப்பு.

"அது அம்மா தனியா வெச்சிருந்தது. சீக்கான்னு கேட்டேன். 'மந்தமான பசங்க சார், நான் பாத்துக்கறேன்'னாங்க. மத்த யாரையும் கிட்ட விடல. இப்ப நாலு நாளா எதையும் தொட மாட்டேங்குது. அம்மா இல்லைன்னு தெரிஞ்சிருக்கும் போல."

அவன் ஒரு சிட்டிகை போட்டான். குருணை மீன்களுக்கு நடுவே மெதுவாக இறங்கி அடியில் படிந்தது. ஒன்றும் திரும்பவில்லை. தொட்டியின் விளிம்பில் ஓர் இடம் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. விரலால் அங்கே தட்டினான். ஒன்றுமில்லை. ஆணியிலிருந்து சல்லடையை எடுத்து, அதன் சட்டத்தால் இரண்டு முறை தட்டினான்.

நாற்பதும் திரும்பின. தட்டிய இடத்துக்கு வந்து வாயை மேலே தூக்கிக்கொண்டு நின்றன.

கண்ணால் பார்த்து வரவில்லை. சத்தத்துக்கு வந்தன. அவள் பழக்கியிருக்கிறாள்.

கையை நனைத்துக்கொண்டு ஒன்றைத் தூக்கி, போன் டார்ச்சைப் பிடித்தான். வெந்த மீனின் கண்போல் உள்ளே வெள்ளை முத்து. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. வலையை எடுத்துக்கொண்டு பெரிய தொட்டிக்குப் போனான். இருபது எடுத்துப் பார்த்ததில் ஏழின் கண்ணில் வெள்ளை விழ ஆரம்பித்திருந்தது.

கண் தெரிகிற மீன் தொட்டியின் நிறத்தைப் பார்த்துத் தன் நிறத்தைச் சரிசெய்துகொள்ளும். தெரியாத மீன் கறுக்கும். இரண்டாம் வருடப் பாடம். அவள் போனில் முதலில் சொன்னதே அதுதான். 'கறுத்துப் போயிருக்குடா.' அவன் காதில் விழுந்தது மாவு பூசின பஸ் நம்பர் மட்டும்.

எவன் லீவு என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஹிஸ்டிடின், பத்துப் பேரில் கண் வெளுக்காமல் பார்த்துக்கொள்பவன். ரத்தத் தூளில் அது ஏராளம். தூளை எடுத்தபோது அவன் அட்டவணையைப் பார்த்துத்தான் எடுத்தான். மீனுக்குத் தேவையான குறைந்தபட்ச அளவு புதுக் கலவையிலும் இருந்தது. ஆனால் அந்தக் குறைந்தபட்சத்தை மீனின் எடையை வைத்துக் கண்டுபிடித்திருந்தார்கள். எடைக்குப் போதும். கண்ணுக்குப் போதாது. ஆஜர் போட்டவன் அரை நாளில் வீட்டுக்குப் போயிருக்கிறான்.

"வெள்ளிக்கிழமை ஏத்தாதீங்க," என்றான்.

"ஏன் தம்பி?"

"கண்ணு தெரியாத மீன் கூண்டுல தீவனத்தைப் பிடிக்காது. பட்டினியிலயே போயிடும்."

"கண்ணு தெரியலையா? எதனால?"

"என் தீவனத்தால."

"தம்பி, நீ துக்கத்துல இருக்கே. நாளைக்குப் பேசிக்கலாம்..."

"டார்ச்சைப் பிடிங்க."

மேனேஜர் மூன்று மீன் பார்த்தார். பிறகு கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எடை நல்லா இருந்துச்சேப்பா."

"நானும் அம்மாகிட்ட அதைத்தான் கேட்டேன்."

"தேறுமா?"

"வெளுத்தது வெளுத்ததுதான். மத்ததுக்கு வராம நிறுத்தலாம். இன்னிக்கே தீவனத்தை மாத்தணும்."

அவன் ஆலைக்குப் போன் செய்து அந்தக் கலவையை நிறுத்தச் சொன்னான். எந்தெந்தப் பொரிப்பகத்துக்கு மூட்டை போயிருக்கிறதோ எல்லோருக்கும் சொல்லச் சொன்னான். மேனேஜர் கொடுத்த தாளில் நடந்ததை எழுதினான்.

"உன் பேரைப் போட்டா எழுதறே?"

"கலவை என்னோடது சார்."

வேலை என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. அது அப்போது பெரிதாகவும் தெரியவில்லை. வேறொன்றுதான் குடைந்தது. மகன் சொன்னதை நம்பி, தன் கண்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டே அவள் போய்விட்டாளா? கேட்டில் உட்கார வைத்துவிடுவார்களே என்று பயந்துகொண்டே, கறுத்த மீன்களை ஒளித்து வைத்துக்கொண்டு, தனியாக?

அறையில் காலி செய்ய அதிகம் இல்லை. மடித்த துணியை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றிவிட்டு உட்கார்ந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பம்பு ஓடியது. கைப்பையைத் திறந்தான். சீப்பு, கைக்குட்டை, பஸ் பாஸ், சின்ன டப்பாவில் தூசியில்லாத குருணை. அடியில் ஒரு கண்ணாடிக் கடைச் சீட்டு. 'புதன் ரெடி' என்று எழுதியிருந்தது.

அவள் உட்கார்ந்திருந்த அதே நிறுத்தத்தில் அவன் பஸ் ஏறினான். ஆறு நிறுத்தம். கடைக்காரப் பெண் சீட்டைப் பார்த்ததும் சிரித்தாள்.

"சல்லடையம்மா மகனா? தீவனத்துல பெரிய ஆளாமே நீங்க. அன்னிக்கு ஒரு மணி நேரம் உங்க பேச்சுதான்."

அவன் கேட்டுவிட்டான். "அம்மாவுக்குப் புரை எவ்வளவு இருந்துச்சு?"

"புரையா? புரையே கிடையாதே. டாக்டர் நல்லாப் பாத்துட்டார். கொஞ்சம் பவர் மாறியிருக்கு. அதைவிட, பழைய கண்ணாடி முழுக்கக் கீறல். ஏதோ தூசியை உடுத்தியிருந்த துணியிலயே துடைச்சுத் துடைச்சு அப்படி ஆயிருக்கு. மாவு பூசின மாதிரி தெரிஞ்சது அதுதான்."

அவள் இழுப்பறையைத் திறந்து தேடினாள்.

"புரை இல்லைன்னா மத்தவங்க குதிப்பாங்க. அம்மாவுக்கு முகமே விழுந்துபோச்சு. 'அப்ப மீனுக்குத்தான்'னாங்க. மகன்கிட்டப் போன்ல சொல்லிடுங்களேன்னு சொன்னேன். 'கண்ணாடி வரட்டும். ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டுத்தான் சொல்லணும். அவன் வேலை விஷயம், சலிக்காமக் கொடுக்கக் கூடாது'ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. சலிக்கறதுன்னா என்ன?"

"தூசி எடுக்கறது," என்றான்.

அவள் இழுப்பறையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து, கவுண்டரில் விரித்து வைத்தாள். ஒரு கால் லேசாகத் தூக்கி நின்றது.

"பாருங்க, ஆடுது. முகத்துல மாட்டிப் பாத்துத்தான் வளைக்க முடியும். யாருக்கும் ரெண்டு காதும் ஒரே உயரத்துல இருக்காது. அம்மா வரலையா?"

அவன் சீட்டை விரலால் நீவி நேராக்கினான். மறுபடி நீவினான்.

"அவசரமில்ல, நானே வெச்சிருக்கேன்," என்று கண்ணாடியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள் கடைக்காரப் பெண். "ரெண்டு நிமிஷ வேலைதான். லீவு கிடைக்கறப்ப ஒரு எட்டு வரச் சொல்லுங்க."