எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் இல்லை

என் மகளின் தோலில் உதிரும் செதில்கள் என் இரத்தத்திலிருந்து போனவை. அவை என் மனைவியின் குடும்பத்திலிருந்து வந்தவை என்று நான் சொன்னேன். தெரிந்தே சொன்னேன்!

முதல் வரியிலேயே செய்தியைச் சொல்லிவிட வேண்டும் என்று பத்திரிகையில் எங்களைப் பழக்கியிருந்தார்கள். சொல்லிவிட்டேன். இனி நீங்கள் எழுந்து போகலாம்... போகாவிட்டால் மிச்சத்தையும் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். இருபது வயதிலிருந்தே என் உச்சந்தலையிலும் காதுகளுக்குப் பின்னாலும் படை இருந்தது. தடித்துச் சிவந்து, மேலே வெள்ளிச் செதில் பூத்த படை. அடர்த்தியாக முடி வளர்த்தேன். விரல் நகங்களில் ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகள் இருந்தன. அவற்றை அச்சு மை மறைத்தது.

அப்பாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் இருந்தது. கடைசிக் காலத்தில் கைவிரல்கள் வீங்கி, வேட்டியைக்கூட அம்மாதான் கட்டிவிட்டார். ஆனால் எனக்குக் கலியாணம் பேசி, பெண் பகுதியார் விசாரிக்க வந்தபோது அம்மா சொன்ன பதில் இதுதான்:

"எங்கடை பக்கத்திலை ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. அவர் நெஞ்சு நோவிலை போனவர்."

அவர்கள் வாசல் படலையைத் தாண்டியதும் என்னிடம் திரும்பினார்.

"மயிரை ஒட்ட வெட்டிப்போடாதை, மோனை."

நான் வெட்டவில்லை. கொடிகாமத்துத் தோட்டக்காரர் ஒருவரின் மூத்த மகள் யோகா எனக்கு மனைவியானாள். வதனி பிறந்தாள்.

எண்பத்தேழில் ஷெல்லுக்குப் பயந்து கோயில் மண்டபம் ஒன்றில் சனத்தோடு சனமாகக் கிடந்தோம். அங்கே வதனிக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தன. காய்ச்சல் போன சில வாரங்களில் முழங்கைகளில் சிவப்புப் பொட்டுகள்... பிறகு முழங்கால்கள், பிறகு தலை. ஒருநாள் காலையில் வலது காலின் விரல் ஒன்று கதலிப்பழம் போல வீங்கியிருந்தது.

வைத்தியர் பிள்ளையின் கைகளைத் திருப்பி நகங்களைப் பார்த்தார்.

"இது சோரியாசிஸ். தொத்தாது, பயப்பிட வேண்டாம். ஆனா சில பேருக்கு மூட்டிலையும் இறங்கும். நகத்திலை இந்தப் பள்ளம் இருந்தா கவனமாப் பாக்கவேணும்."

"ஏன் டொக்டர் வந்தது?" என்று யோகா கேட்டாள்.

"பரம்பரையிலை வாற சுபாவம் அம்மா. தாயிலை இருந்தும் வரலாம், தகப்பனிலை இருந்தும் வரலாம். விதை இருக்கிற எல்லாருக்கும் முளைக்காது. ஒரு தொண்டை நோ, ஒரு பயம் போதும், முளைச்சிடும். உங்கடை குடும்பத்திலை ஆருக்கும் இருக்குதோ?"

யோகா என்னைப் பார்த்தாள். என் கைகள் காற்சட்டைப் பைக்குள் இருந்தன.

"எங்கடை பக்கத்திலை ஒருத்தருக்கும் இல்லை, டொக்டர். இவவின்ரை அப்பாவுக்குத்தான் விரலெல்லாம் வளைஞ்சிருக்கு."

மாமாவின் விரல்கள் வளைந்தது மண்வெட்டியாலும் வயதாலும். எனக்குத் தெரியும். அது வயதாலும் வரும் என்று வைத்தியரே இழுத்தார். ஆனால் யோகா முந்திக்கொண்டாள்.

"ஓம் டொக்டர்... அப்பாவுக்கு விரல் நீட்டேலாது."

சொல்லிவிட்டுத் தன் கைகளைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். எவ்வளவு இலகுவாக நம்பிவிட்டாள்!

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஒரு பகிடி கிடைத்தது. "இனி சந்தைக்குப் போகத் தேவையில்லை. செதில் வீட்டிலையே கிடக்கு, மீன்தான் இல்லை." அப்பாவுக்கு வேட்டி கட்டிவிட்ட அதே அம்மா! யோகா விடியும்போதே எழுந்து, பிள்ளையின் பாயை உதறி, அறையைக் கூட்டி முடித்துவிடுவாள். நான் எழுந்ததும் என் தலையணை உறையை நானே கிணற்றடியில் அலசுவேன். மாமியின் வாய்க்கு அகப்பட்டவளுக்கு இப்படி ஒரு நல்ல கணவன் வாய்த்தானே என்று அயலில் சொன்னார்கள்.

அடுத்தது சாந்தியின் கலியாணம்.

சாந்தி, யோகாவின் தங்கை. வட்டுக்கோட்டையில் ஒரு நல்ல சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் விசாரிப்பதற்காகச் சைக்கிளில் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். தேநீர் வரவழைத்துக் கொடுத்தேன்.

"தம்பி, நீர் பேப்பர்க்காரர். இல்லாததைச் சொல்லமாட்டீர். பெண் பகுதி எப்பிடி?"

"நல்ல சனம்."

"அது ஊருக்கே தெரியும். வருத்தம் துன்பம் ஏதும்? ஒளியாமச் சொல்லும். உம்மடை பிள்ளைக்கு ஏதோ தோலிலை எண்டு கேள்விப்பட்டன்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். 'அது என்னிடமிருந்து வந்தது' என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்று வசனங்கள் சொன்னேன். என் பிள்ளைக்கு இருப்பது பரம்பரையாக வருவது. மூட்டிலும் இறங்கும் என்று வைத்தியர் சொன்னார். மாமாவின் விரல்களை நீங்களே போய்ப் பாருங்கள்.

மூன்றும் உண்மை! ஒவ்வொன்றாக எடுத்தால் எந்த ஆசிரியரும் வெட்டமாட்டார். அவற்றை அடுத்தடுத்து வைத்ததில்தான் என் தொழில் இருந்தது.

"இதுக்கு மேலை நீர் ஒண்டும் சொல்ல வேண்டாம், தம்பி," என்று அவர் எழுந்தார். தேநீரைத் தொடவில்லை.

அந்தச் சம்பந்தம் முறிந்தது. அதன்பின் வந்தவர்களும் முதல் ஆள் ஏன் விட்டான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பினார்கள். மாமா ஒருநாள் கத்தரிக்காயும் பயிற்றங்காயும் கட்டிய சாக்கோடு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"தம்பி... என்ரை வருத்தம் உங்கடை பிள்ளைக்கு வந்திட்டுது. என்ரை ரண்டு பொம்பிளைப் பிள்ளையளின்ரை வாழ்க்கையும் என்னாலை போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பரவாயில்லை மாமா," என்றேன்.

மன்னித்துவிட்டேன்! அவரை நான் மன்னித்துவிட்டேன்!

பிறகு அம்மா இறந்தார். நான் ஒரே மகன், தலை மழித்துக் கொள்ளி வைக்க வேண்டியவன். சவரக் கத்தியோடு ஆள் வந்து நின்றபோது, எனக்கு இந்தச் சடங்குகளில் நம்பிக்கை இல்லை என்று உரத்துச் சொன்னேன். முடியோடு கொள்ளி வைத்தேன். சொந்தக்காரர் முகம் சுளித்தார்கள், நண்பர்கள் கைகுலுக்கினார்கள். மயிரை மழிப்பதால் துயரம் குறையுமா என்று ஒரு கட்டுரையும் எழுதினேன். பாராட்டினார்கள். என் கட்டுரைகளில் அதிகம் பாராட்டுப் பெற்றது அதுதான்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் நெருங்கி வர, ஊரே எழுந்து நடந்தபோது நாங்களும் நடந்தோம். மழை. எங்கே போவது? கொடிகாமத்துக்கு, மாமா வீட்டுக்குத்தான். சாந்தி ஓடிவந்து வதனியைக் கட்டிக்கொண்டாள். சாந்தியின் தலைமயிரில் நரை விழத் தொடங்கியிருந்தது. "அத்தான், முதல்லை தலையைத் துவட்டுங்கோ," என்று துவாயைத் தந்துவிட்டுச் சமைக்கப் போனாள்.

சைக்கிளை உருட்டி வந்ததில் என் விரல்கள் வீங்கி மடங்கவில்லை. சில காலமாகவே அப்படித்தான். வதனி துவாயை வாங்கி என் தலையைத் துவட்டினாள். காதுக்குப் பின்னால் அவள் விரல்கள் நின்றன... மயிரை விலக்கின.

"அப்பா! உங்களுக்கும் இருக்கு!"

"அது பொடுகு."

"எனக்குத் தெரியாதே? என்ரை மாதிரியேதான்." சிரித்தாள். கடவுளே, அவளுக்குச் சந்தோஷம்! "அப்ப நான் உங்கடை பிள்ளைதான்."

"அம்மாவுக்குச் சொல்லாதை."

சிரிப்பு நின்றது. கிணற்றடியில் மாமா வளைந்த விரல்களால் எங்களுக்காகத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அவ்வளவும் போதுமாக இருந்தது.

"அம்மப்பா பாவமெல்லோ, அப்பா?"

"சொல்லாதை எண்டால் சொல்லாதை."

யோகாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், அவளுக்குச் சொல்லவில்லை. இப்படிப்பட்டவன் எழுதுவதைத்தான் நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்த மாதம் வதனியின் முழங்கால் வீங்கியது. அகதிகளுக்காகப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்த மருத்துவ முகாமுக்கு எல்லோரும் போனோம். மாமாவும் ஊன்றுதடியோடு வந்தார். இளம் வைத்தியர் ஒருவர் நகங்களைப் பார்த்தார், முழங்காலை அழுத்தினார், அதே கேள்வியைக் கேட்டார். குடும்பத்தில் யாருக்கும் இருக்கிறதா?

யோகா வாயைத் திறந்தாள். வதனி முந்திக்கொண்டாள்.

"அப்பாவின்ரை பக்கத்திலை ஒருத்தருக்கும் இல்லை, டொக்டர். அம்மப்பாவுக்குத்தான் விரலெல்லாம் வளைஞ்சிருக்கு."

நிதானமான குரல். என் குரல்.

மாமா தலையைக் குனிந்தார். யோகா சேலைத் தலைப்பைக் கைகளின் மேல் இழுத்துவிட்டாள்.

வதனி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகள் இருந்த காற்சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.