அசனத்தில் அப்பா உட்கார்ந்த இடம்

தொண்ணூறுகளில் சீவலப்பேரிக்குப் பக்கத்தில் இருந்தோம். எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று முன்னோர் ஏற்படுத்திய விருந்து அது. வேப்பமரத்தடியில் அண்டா அண்டாவாகச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வேகும். அந்த மணத்தில் போதகரின் பிரசங்கம் முடியவே முடியாது என்று தோன்றும்.

ஆனால் அந்த ‘எல்லோரு’க்குள் கீழத்தெருக்காரர்கள் இல்லை. அவர்களும் அதே ஞானஸ்நானம் பெற்று அதே பாட்டைப் பாடுகிறவர்கள்தான். இருந்தாலும் அசனத்தன்று மதில் ஓரம் தூக்குச்சட்டியோடு நின்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், கீழத்தெருவிலிருந்த என் கூட்டாளியின் அம்மா அசனப் பந்தியில் உட்கார்ந்துவிட்டாள். பரிமாறும் பொறுப்பு பள்ளிக்கூட வாத்தியாரான என் அப்பாவுக்கு. அவர் அவளருகே குனிந்து மெதுவாகத்தான் சொன்னார்.

“இங்கன வேண்டாம்மா. பாத்திரத்துல வாங்கிட்டுப் போயிரு.”

அவள் வெறும் இலையை மடித்துவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த வருஷ அசனத்தன்று வேதபாடம் வாசிக்கும் முறை அப்பாவுக்கு வந்தது. உங்கள் பண்டிகைகளை வெறுக்கிறேன், உங்கள் பாட்டு எனக்கு வேண்டாம், நீதி வற்றாத ஆறாக ஓடட்டும் என்று தீர்க்கதரிசியின் வாயால் கடவுள் கோபப்படுகிற பகுதி. ஒரு வாரமாக அப்பா அதைத் தனியே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். தப்பில்லாமல் வாசிக்கப் பழகுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் கோயிலில் பாதி வாசிக்கையில் அவர் குரல் நின்றுவிட்டது. அத்தனை பழகியும் தடுமாறிவிட்டாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆராதனை முடிந்தது. அப்பா குழம்பு வாளியைத் தொடவில்லை. நேரே மதில் ஓரம் போய் அந்த அம்மாவின் முன் நின்றார்.

“போன வருசம் நான் செஞ்சது பாவம். மன்னிச்சிரும்மா. எல்லாரும் வந்து உக்காருங்க.”

அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். “அத நான் அன்னைக்கே விட்டுட்டேன் சார்வாள்,” என்றாள்.

அவர்கள் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார்கள். அப்பா அவர்கள் நடுவில் உட்கார்ந்தார். நான் ஓடிப்போய் என் கூட்டாளி பக்கத்தில் இடம் பிடித்தேன். சபைக் கமிட்டியில் இருந்த பெரியப்பா வேகமாக வந்தார்.

“ஏலே, எந்திலே. தங்கச்சிக்கு மாப்பிள பேசி முடிச்சிருக்கு, நெனப்பிருக்கா?”

“இருக்குண்ணே,” என்றார் அப்பா. எழுந்திருக்கவில்லை.

பரிமாற நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எங்கள் வரிசைக்கு ஒருவரும் வரவில்லை. இலைகள் அப்படியே கிடந்தன. கடைசியில் கூட்டாளியின் அம்மாதான் எழுந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, தரையில் இருந்த வாளியைத் தூக்கினாள். முதலில் அப்பாவின் இலைக்குப் போட்டாள். அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார்.

அந்த மாதமே மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். அத்தை அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். பெரியப்பா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஆனால் அடுத்த வருஷத்திலிருந்து மதில் ஓரம் யாரும் தூக்குச்சட்டியோடு நிற்கவில்லை. அப்பா செய்ததைப் பற்றி இன்றும் ஊரில் பேசுகிறார்கள்.

எனக்கு மட்டும் அன்றைய பந்தியின் கடைசிப் பகுதிதான் திரும்பத் திரும்ப வருகிறது. அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போயிருந்தார். கூட்டாளியின் அம்மா இன்னும் வாளியோடு நடந்துகொண்டிருந்தாள்.

“ஏட்டி, எங்கம்மை இன்னும் உக்காரலியே,” என்றாள் கூட்டாளி.

“பரிமாறுதவங்க கடைசியிலதான் சாப்பிடணும்,” என்று நான் விவரம் தெரிந்தவள்போலச் சொன்னேன்.

அவள் தன் இலையிலிருந்த இரண்டு கறித்துண்டுகளை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். அவளுக்குக் கறி பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்து, நான் அவற்றை எடுத்துத் தின்றுவிட்டேன்.